மேண்டில் முதல் மை வரை

கச்சான் காற்று ஓங்கி அடித்து ஓய்ந்த பிறகு குமரி மாவட்டத்துக் கடியப்பட்டணம் கரையைப் பார்க்க வேண்டும். வெளுத்த மணலுக்கு நடுவே கரும்பட்டைகள் வளைந்து வளைந்து ஓடும். சில இடங்களில் அந்தக் கருமைக்குப் பக்கத்திலேயே செம்மண் தூவியதுபோல் ஒரு சிவப்புக் கோடும் தெரியும். புதிதாக வருகிறவர்கள் கப்பல் எண்ணெய் கசிந்துவிட்டதோ என்று நினைப்பார்கள். ஊர்க்காரர்கள் அதன்மேல் வலையை விரித்துப் போட்டுவிட்டு வேலையைப் பார்ப்பார்கள்.

கடல் செய்யும் வேலை இது. அரிக்கன் சட்டியில் அரிசி களைகிறவள் செய்வதும் இதே வேலைதான்: தண்ணீரோடு லேசானது போகும், கனமானது அடியில் தங்கும். சாதாரண வெள்ளை மணல், அதாவது குவார்ட்ஸ், தண்ணீரைப்போல் இரண்டரை மடங்குக்குச் சற்றே கூடுதலான கனம். கருப்பாகத் தெரியும் இல்மனைட் நாலரை மடங்குக்கும் மேல். சிவப்புக் கார்னெட் ஏறத்தாழ நான்கு மடங்கு. இவற்றோடு கலந்து, கண்ணுக்கு எளிதில் அகப்படாமல் கிடக்கும் தேன் நிற மணிகள் ஐந்து மடங்கு. அந்தத் தேன் நிற மணிக்கு மோனசைட் என்று பெயர். அலை வந்து திரும்பும்போது வெள்ளையை இழுத்துக்கொண்டு போகிறது. மற்றவை கரையில் தங்குகின்றன. கிழக்கே முட்டம், மேற்கே மணவாளக்குறிச்சி, நடுவே வள்ளியாறு கடலைத் தேடி வரும் வாய். மலைப் பாறையிலிருந்து உதிர்ந்த இந்த மணிகளைச் சேர்த்துவைக்கத் தோதான கரை.

இந்த மணல் உலகச் சந்தைக்குப் போனது முதலில் யாருக்கும் தெரியாமல்தான். கயிற்றோடு ஒட்டிக்கொண்டு போனது.

தேங்காய் மட்டையை, இந்தப் பக்கத்துச் சொல்லில் கதம்பையை, காயலில் ஊறப்போட்டு, அழுகியதும் அடித்துத் தும்பெடுத்து, மணலில் காயவைத்துத் திரிப்பார்கள். ஈரத் தும்பில் ஒட்டிய மணல் கயிற்றின் முறுக்குக்குள் மாட்டிக்கொள்ளும். அப்படித் திருவிதாங்கூரிலிருந்து ஐரோப்பாவுக்குப் போன கயிற்றில் 1909இல் சி. டபிள்யூ. ஷோம்பெர்க் என்ற ஜெர்மன் வேதியியலர் மோனசைட் மணிகளைக் கண்டார். வேறொருவராக இருந்தால் உதறிவிட்டுப் போயிருப்பார். ஷோம்பெர்க் கயிறு வந்த வழியைத் தேடிக்கொண்டு புறப்பட்டார். மறுவருடமே, 1910இல், மணவாளக்குறிச்சியில் மோனசைட்டைப் பிரிக்கும் ஆலை நின்றது. பிறகு கொல்லத்துக்கு வடக்கே சவறையில் இன்னொன்று.

அவ்வளவு அவசரம் ஏன்? விடை ஐரோப்பியத் தெருவிளக்குகளில் இருந்தது.

ஆஸ்திரியாவின் கார்ல் ஆவர் ஃபோன் வெல்ஸ்பாக் 1885இல் ஒரு விளக்குத் திரிக்கு, அதாவது மேண்டிலுக்கு, காப்புரிமை எடுத்திருந்தார். திரி என்று சொன்னாலும் அது எரிவதற்கானதன்று. சூட்டில் கிடந்து ஒளிர்வதற்கானது. முதலில் அவர் எடுத்த கலவை பச்சை சாயலில் ஒளிவிட்டது, சீக்கிரம் உடைந்தது, வியாபாரம் படுத்தது. 1891இல் 99 பங்கு தோரியம் ஆக்சைடு, ஒரு பங்கு சீரியம் ஆக்சைடு என்ற விகிதத்தைப் பிடித்தார். வெள்ளை ஒளி கிடைத்தது. ஊர் ஊராக எரிவாயு விளக்குகள் பிரகாசமாயின, தோரியத்துக்கு அடிபிடி வந்தது. தோரியம் மோனசைட்டுக்குள் இருக்கிறது. அதுவரை பிரேசில் கடற்கரை மணல்தான் முக்கிய வரத்து. திருவிதாங்கூர் மோனசைட்டில் தோரியம் ஆக்சைடின் பங்கு அதைவிடக் கூடுதல். மணவாளக்குறிச்சிக்கு வந்த யோகம், அல்லது கிரகம், அது.

அந்த மேண்டில் எப்படிச் செய்யப்பட்டது என்பதில் கொஞ்சம் நின்று போக வேண்டும். பருத்தி நூலில் பின்னிய சின்னப் பையைத் தோரியம், சீரியம் நைட்ரேட் கரைசலில் முக்குவார்கள். பிழிந்து உலர்த்துவார்கள். பிறகு தீ வைப்பார்கள். நூல் எரிந்து போய்விடும். நூல் இருந்த இடத்தில் ஆக்சைடு அதே பின்னல் வடிவத்தில், சாம்பல் கூடாக நிற்கும். கரைசல் நூலுக்குள் சமமாக ஏறியிருக்க வேண்டும். உலரும்போது உப்பு ஒரு பக்கம் ஒதுங்கக்கூடாது. ஒதுங்கினால் கூடு ஓரிடத்தில் தடித்து, இன்னோரிடத்தில் இற்றுவிடும். ஆனால் ஈரம் போகும் அந்த நேரத்தில் நூலுக்குள் என்ன நடக்கிறது என்று பார்க்க அன்று வழியில்லை. எரித்துப் பார்த்தபின் நின்றால் நல்ல மேண்டில், உதிர்ந்தால் கெட்டது. அவ்வளவுதான் தொழிற்சாலையின் தரப் பரிசோதனை.

தமிழ்நாட்டுக்கு அந்தப் பொருள் பெட்ரோமாக்ஸ் விளக்காகத் திரும்பி வந்தது. கல்யாண வீடு, கோயில் கொடை, தெருக்கூத்து, சவ ஊர்வலம், எல்லாவற்றுக்கும் வாடகைக்குக் கிடைத்தது. தொட்டால் பொடிந்துவிடும் அதன் மேண்டிலை வைத்து 1984இல் 'வைதேகி காத்திருந்தாள்' படத்தில் கவுண்டமணியும் செந்திலும் நடத்திய கூத்தைத் தெரியாத தமிழன் குறைவு. செந்தில் கையில் நொறுங்கியது ஆக்சைடுக் கூடு என்றோ, அதன் பூர்வீகம் இந்தக் கரையின் மணலாக இருக்கலாம் என்றோ அன்று சிரித்தவர்கள் யாரும் நினைத்திருக்கமாட்டார்கள். நினைக்கத் தேவையும் இல்லை.

ஷோம்பெர்க்கின் கதை பாதியில் முடிந்தது. 1914இல் போர் வெடித்தது. ஜெர்மன் ஒற்றர் என்று அவரைக் கைது செய்தார்கள், ஆலைகள் மூடப்பட்டன. லண்டனில் அமைந்த லண்டன் காஸ்மாபாலிட்டன் மினரல் கம்பெனி அவற்றை எடுத்து நடத்தியது. அதே வருடம் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் டிப்பர், திருவிதாங்கூர் மோனசைட் மணல்களைப் பற்றிய தம் ஆய்வை வெளியிட்டார். கயிற்றில் ஒட்டிய தூசி ஐந்தே வருடத்தில் அரசாங்க ஆவணத்துக்குள் ஏறிவிட்டது.

பிறகு மின்விளக்கு வந்தது. மேண்டிலின் மவுசு இறங்கியது. ஆனால் மணலுக்கு மவுசு இறங்கவில்லை. அதுவரை மோனசைட்டை எடுத்த பின் மிஞ்சும் கழிவாகக் கிடந்த கருமணல், இல்மனைட், பட்டத்து ராணியானது. இல்மனைட்டில் இரும்பும் டைட்டானியமும் இருக்கின்றன. இரும்பை நீக்கினால் டைட்டானியம் டை ஆக்சைடு என்ற வெண்பொடி கிடைக்கும். சுவர்ப் பூச்சு, காகிதம், ரப்பர், பல்பசை என எதை வெளுப்பாகக் காட்ட வேண்டுமோ அதிலெல்லாம் இது இருக்கும். முதல் உலகப் போரையொட்டி நார்வேயிலும் அமெரிக்காவிலும் இதன் உற்பத்தி தொடங்க, 1922 முதல் திருவிதாங்கூர் இல்மனைட் கப்பலேறியது. முப்பதுகளில் உலக வரத்தில் இந்தக் கரைகள்தாம் முன்னணியில் நின்றன. கருப்பில் இருந்து வெள்ளை எடுப்பது என்பது கேட்க மாயம்போல் இருக்கும். செய்முறையில் அது கந்தக அமிலமும் நாற்றமும் கழிவுநீரும்.

தோரியத்துக்கு மறுபடியும் ஒரு காலம் வந்தது. 1945க்குப் பிறகு அணுசக்தி என்ற சொல் அரசாங்கங்களின் வாயில் புரளத் தொடங்கியதும் மோனசைட் வெறும் விளக்குச் சரக்காக இல்லாமல் போனது. திருவிதாங்கூர் திவான் சர் சி. பி. ராமசாமி ஐயர் தனிநாட்டுக் கனவு கண்ட நாட்களில் கையில் வைத்திருந்த சீட்டுகளில் இந்த மணலும் ஒன்று. கனவு 1947 ஜூலை கடைசியில் கலைந்தது. 1950இல் இந்தியன் ரேர் எர்த்ஸ் நிறுவனம் அமைந்தது. 1952 இறுதியில் ஆலுவாவில் மோனசைட்டைப் பிரிக்கும் அதன் தொழிற்சாலை ஓடத் தொடங்கியது. 1963இல் அது முழுக்க மத்திய அரசு நிறுவனமாகி, மணவாளக்குறிச்சி, சவறை ஆலைகளையும் சேர்த்துக்கொண்டது. இதற்கிடையே 1956 நவம்பர் 1ஆம் தேதி எல்லைக் கோடு மாறியது. மணவாளக்குறிச்சியும் கடியப்பட்டணமும் தமிழ்நாட்டுக்கு வந்தன. ஆலுவா கேரளத்தில், 1946இல் நிறுவப்பட்டு 1951 முதல் டைட்டானியம் டை ஆக்சைடு உற்பத்தி செய்துவந்த திருவாங்கூர் டைட்டானியம் ஆலையும் திருவனந்தபுரத்தில். மண் ஒரு மாநிலத்தில், அதை மதிப்பேற்றும் உலைகள் இன்னொன்றில். அன்று எல்லைக்காகப் போராடியவர்களின் கணக்கில் கல்குளம், விளவங்கோடு என்று தாலுகாக்கள் இருந்தன. மணல் இருந்ததாகத் தெரியவில்லை.

டைட்டானியம் டை ஆக்சைடில் இரண்டு முக்கிய வகை உண்டு: ரூட்டைல், அனட்டேஸ். திருவனந்தபுரத்து ஆலை பெயர் வாங்கியது அனட்டேஸ் வகைக்கு. இந்தப் பெயரை வாசகர் நினைவில் வைத்துக்கொள்ளலாம், ஏனெனில் மணல் இரண்டாம் முறை ஒளியிடம் போன வழி இதுதான். இந்த முறை ஒளியைத் தர அல்ல, வாங்க.

1972இல் ஜப்பானின் புஜிஷிமாவும் ஹோண்டாவும் ஒளிபட்ட டைட்டானியம் டை ஆக்சைடு நீரைப் பிளக்கும் என்று காட்டினார்கள். 1991இல் சுவிட்சர்லாந்தில் ஓ'ரீகனும் கிரேட்செலும் அனட்டேஸின் நுண்மணிகளைக் கண்ணாடியில் பஞ்சுபோன்ற படலமாகப் பூசி, சாயத்தில் ஊறவைத்து, ஒளியை மின்சாரமாக்கினார்கள். ஒளியைத் தின்பது சாயம். அது துப்பும் எலக்ட்ரானை வாங்கி வெளியே கடத்துவது அந்த வெள்ளைப் பொடி. சுவரை வெளுப்பாக்கிய அதே பொருள்.

அச்சடிக்கும் கரிமச் சூரியக்கலங்களின் குடும்பமும் அதே காலத்தில் வளர்ந்தது. கோடாக் நிறுவனத்தின் சிங் டாங் 1986இல் இரண்டு கரிமப் படலங்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து ஏறத்தாழ ஒரு சதவீதத் திறனைக் காட்டினார். 1992இல் சாரிசிஃப்ட்சியும் ஆலன் ஹீகரும் மின்கடத்தும் பாலிமரிலிருந்து கால்பந்து வடிவக் கார்பன் மூலக்கூறுக்கு எலக்ட்ரான் கண்சிமிட்டும் நேரத்தில் ஒரு சிறு துளிக்குள் தாவுவதைக் கண்டார்கள். 1995இல் அந்த இரண்டையும் ஒரே கரைசலில் கலந்து பூசினார்கள். கரைசல் என்றால் மை. மை என்றால் அச்சடிக்கலாம். செய்தித்தாள் ஓடுவதுபோல் பிளாஸ்டிக் சுருள் ஓட, அதன்மேல் சூரியக்கலம் அச்சாகி வரும் என்ற ஆசை அங்கே பிறந்தது. அப்படி அச்சாகும் கலங்கள் பலவற்றில் எலக்ட்ரானை வடித்தெடுக்கும் படலமாக டைட்டானியம் ஆக்சைடோ துத்தநாக ஆக்சைடோ பூசுவதுண்டு. எந்த ஆய்வகப் புட்டியிலும் எந்தக் கரையின் மணல் என்று ஒட்டுச்சீட்டு இருக்காது என்பது வேறு விஷயம்.

ஆசைக்கு நடுவே ஒரு முட்டுக்கட்டை. பாலிமரில் ஒளி விழுந்து எழுப்பும் கிளர்ச்சி சுமார் 10 நானோமீட்டர் தூரம்தான் ஓடும். அதற்குள் கார்பன் பந்தைத் தொட்டாக வேண்டும், இல்லையேல் வீண். ஆகவே இரண்டும் படலத்துக்குள் கைகோத்து, அதேசமயம் தனித்தனி வாய்க்கால்களாகவும் பிரிந்து நிற்க வேண்டும். அதிகம் கலந்தால் எலக்ட்ரான் வெளியே போக வழியில்லை. அதிகம் பிரிந்தால் கிளர்ச்சி சென்று சேரத் தூரம் கூடிவிடும். இந்த நுண்கட்டுமானத்தை யாரும் கையால் கட்டுவதில்லை. மை காயும்போது அதுவே கட்டிக்கொள்கிறது. நூற்றில் இரண்டு பங்கு சரக்கும் மிச்சமெல்லாம் கரைப்பானுமான மையைப் பத்து மைக்ரோமீட்டர் கனத்தில் பூசினால், காய்ந்த பின் 200 நானோமீட்டர் படலம் மிஞ்சும். பூசுவதற்கும் மிஞ்சுவதற்கும் இடையே சில நொடிகள், சில சமயம் சில நிமிடங்கள். கலத்தின் தலையெழுத்து அங்கேதான் எழுதப்படுகிறது.

பல வருடம் ஆய்வாளர்களும் மேண்டில் தொழிற்சாலைக்காரர்களின் நிலையில்தான் இருந்தார்கள்: காயவைத்து, மின்சாரம் வருகிறதா என்று பார்ப்பது. 2005இல் லாஸ் ஏஞ்சலஸில் யாங் யாங்கின் குழு, மூடிவைத்து மெல்லக் காயவிட்ட படலம் வேகமாகக் காய்ந்ததைவிட நன்றாக வேலை செய்வதாகக் காட்டி 4.4 சதவீதத்தை எட்டியது. 2007இல் சாண்டா பார்பராவில் மையில் சில துளி வேறொரு மெல்ல ஆவியாகும் திரவத்தைச் சேர்த்தார்கள். ஒரு பாலிமரில் 2.8 சதவீதம் 5.5 ஆனது. துளி ஏன் அப்படிச் செய்கிறது? காய்ந்த படலத்தை எத்தனை முறை சோதித்தாலும் அதற்குப் பதில் முழுதாகக் கிடைக்காது. சமைத்து முடித்த சோற்றைப் பார்த்து எப்போது கொதி வந்தது என்று சொல்ல முடியுமா? உலை கொதிக்கும்போதே மூடியைத் திறந்து பார்க்க வேண்டியிருந்தது.

பார்க்கும் வழிகளில் எளிதானது ஒளி. மீன்பிடித் துறைமுகத் தண்ணீரில் படகு டீசல் படர்ந்தால் வானவில் நிறம் மின்னும். படலத்தின் மேற்பரப்பிலும் அடிப்பரப்பிலும் பட்டுத் திரும்பும் ஒளி ஒன்றோடொன்று மோதுவதால் வரும் நிறம் அது. படலம் மெலிய மெலிய நிறம் மாறும். காயும் மையின்மீது லேசரைப் பாய்ச்சித் திரும்பும் ஒளி கூடிக் குறைவதை எண்ணினால், ஒவ்வொரு நொடியும் எத்தனை கனம் மிச்சம் என்று தெரிந்துவிடும். நிறமாலையையும் சேர்த்துப் பதிந்தால், பாலிமர் இழைகள் ஒழுங்காக அடுக்கிக்கொள்ளும் தருணத்தில் மை ஆரஞ்சிலிருந்து ஊதாவுக்குச் சாய்வது கண்ணுக்கே தெரியும்.

அடுக்கின் உள்விவரத்துக்கு எக்ஸ் கதிர் வேண்டும். ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூவில் ஷ்மிட்-ஹான்ஸ்பெர்க்கும் சகாக்களும் காற்றோட்டமும் வெப்பமும் கட்டுப்படுத்திய ஒரு சின்ன உலர்த்தும் சுரங்கத்தையே சிங்க்ரோட்ரான் என்ற பெரிய எக்ஸ் கதிர் விளக்கின் கற்றைப் பாதையில் கொண்டுபோய் வைத்தார்கள். கதிர் படலத்தை ஒரு டிகிரிக்கும் குறைவான சாய்வில், தண்ணீர்மேல் எறிந்த தட்டைக்கல் வழுக்குவதுபோல், உரசிப் போனது. சிதறிய கதிரின் புள்ளிகள் காய்தலின் ஒவ்வொரு கட்டத்தையும் காட்டின. அவர்கள் 2011இல் வெளியிட்டதன் சாரம்: கரைப்பான் இன்னும் கணிசமாக இருக்கும்போதே பாலிமர் அடுக்கத் தொடங்கிவிடுகிறது, கார்பன் பந்துகள் கடைசிக் கட்டத்தில்தான் திரள்கின்றன. யார் முதலில், யார் பிறகு என்று தெரிந்ததும், எந்தக் கட்டத்தில் காற்றைக் குறைப்பது, எங்கே சூட்டைக் கூட்டுவது என்று யோசிக்க முடிந்தது. மெல்ல ஆவியாகும் துளியின் வேலையும் பிடிபட்டது: முக்கியக் கரைப்பான் ஓடிய பின்னும் அது தங்கி, திரளுவோருக்கு அவகாசம் கொடுக்கிறது.

டென்மார்க்கில் பிரடெரிக் கிரெப்ஸின் குழு இன்னொரு பக்கத்தைப் பிடித்தது. ஆய்வகத்தில் சுழற்றிப் பூசும் சதுரத் துண்டும், தொழிற்சாலையில் ஓடும் சுருளும் ஒன்றுபோல் காய்வதில்லை. ஆகவே அவர்கள் சுருளையே நம்பினார்கள். 100 மீட்டர் நீளத்துக்கு அச்சடித்த சூரியக்கலத் தாள்களை மரச் சட்டங்கள்மேல் விரித்து மின்சாரம் எடுத்தார்கள். திறன் குறைவு, ஆயுளும் குறைவு. ஆனால் செய்து பார்த்தவர்கள் அவர்கள். பின்னர் மூலப்பொருள் மாறியது. கார்பன் பந்தை ஓரங்கட்டி வந்த புதிய மூலக்கூறுகளில் 2019இல் சீனாவின் சோ யிங்பிங் குழுவினது 15.7 சதவீதத்தைக் கொடுத்தது. ஒவ்வொரு புது மூலக்கூறுக்கும் காயும் வழக்கம் வேறு. பார்க்கும் வேலை மறுபடி முதலிலிருந்து.

இந்தியாவில் இதற்கான பெரிய எக்ஸ் கதிர் விளக்கு இந்தோரின் இண்டஸ்-2. கரிமச் சூரியக்கல ஆய்வில் பெங்களூரு ஜவஹர்லால் நேரு மையத்தின் கே. எஸ். நாராயண் போன்றோர் பல வருடமாக உழைக்கிறார்கள்.

கடியப்பட்டணத்து மணற்பரப்பில் காயும் கலையின் பழைய பாடசாலை ஒன்று உண்டு: கருவாடு. நெத்தலியை ஓலைப்பாயில் பரப்பிப் போடும் கிழவிக்கு உச்சி வெயிலில் ஒரே அடியாகக் காய்வது நல்லதில்லை என்று தெரியும். மேல்தோல் இறுகிவிட்டால் உள்ளே ஈரம் அடைபட்டு மீன் நாறிப்போகும். மெதுவாகக் காய்ந்தாலும் ஈ மொய்க்கும், புழு வைக்கும். வாடைக்காற்று நாளுக்கும் கச்சான் நாளுக்கும் அவள் பரப்பும் கனம் மாறும். வேகமாகக் காயும் மையிலும் மேலே தோல் கட்டிக்கொள்ளும் தொல்லை உண்டு. ஆய்வாளர்கள் அதற்கும் தோல் என்றுதான் பெயர் வைத்திருக்கிறார்கள். கிழவி பதம் பார்க்க மீனைப் பிட்டுப் பார்ப்பாள். 200 நானோமீட்டர் படலத்தைப் பிட முடியாது என்பதால்தான் லேசரும் சிங்க்ரோட்ரானும்.

அதே மணற்பரப்பின் மற்ற சங்கதிகள் அவ்வளவு சுகமானவை அல்ல. மோனசைட்டில் உள்ள தோரியத்தால் இந்தக் கரையின் இயற்கைக் கதிர்வீச்சு மற்ற ஊர்களைவிடக் கூடுதல். அதனால் உடம்புக்கு என்ன என்ற கேள்வி தலைமுறைகளாகப் பேசப்படுகிறது. 2013இல் தமிழ்நாட்டு அரசு தனியார் தாதுமணல் அள்ளுவதைத் தடை செய்தது. அண்மை ஆண்டுகளில் கிள்ளியூர் தாலுகாவில் கீழ்மிடாலம் முதல் கொல்லங்கோடு வரை 1,144 ஹெக்டேரில் புதிதாக மணல் எடுக்கும் திட்டத்துக்கு மீனவ ஊர்கள் எதிர்ப்புத் தெரிவித்தன. மணல் போனால் கடல் வீட்டுக்குள் வரும் என்பது அவர்கள் வாதம். ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக மணல் போவதைப் பார்த்துக்கொண்டிருப்பவர்களின் வாதம் அது. அதை ஆதாரமில்லாத பயம் என்று ஒதுக்குகிறவர்கள் ஒரு ஆடி மாதத்தை இங்கே தங்கிக் கழிக்கலாம்.

நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரம் போகிற பேருந்து களியக்காவிளை தாண்டி, நகரத்துக்குள் நுழையுமுன் பாப்பனங்கோடு வழியாகப் போகும். அங்கே 1975இல் தொடங்கப்பட்ட மத்திய அரசின் ஆய்வு நிறுவனம் இருக்கிறது. இல்மனைட்டிலிருந்து இரும்பைப் பிரிக்கும் முறைகளில் உழைத்த இடம். இப்போது அறைக்குள் எரியும் விளக்கின் வெளிச்சத்திலேயே மின்சாரம் எடுக்கும் சாயக் கலங்களைச் செய்கிறார்கள். அனட்டேஸ் பசையைக் கண்ணாடியில் பூசி, காயவைத்து, உலையில் சுட்டு, சாயத்தில் ஊறப்போடுகிறார்கள். கருவாட்டுக் கூடையோடு சாலைச் சந்தைக்குப் போகும் பெண்கள் ஏறிய பேருந்து அந்த வாசலைக் கடக்கும்போது, உள்ளே ஒரு வெள்ளைப் பூச்சு காய்ந்துகொண்டிருக்கும்.